இருபத்தெட்டுக்கு மேலே

பின்பக்கத்துப் பல்சக்கரம் பெரிதானால் மேடு சின்னதாகிவிடும் என்று எனக்கு முதன்முதலில் சொன்னது என் மகன் ரூபன்தான், தம்பி. போன வருஷம், லெந்து நோன்பு தொடங்கிய சாம்பல் புதனன்று. ஆராதனை முடிந்து வந்து கஞ்சிக்கு உலை வைத்திருந்தேன், கனடாவில் இருந்து போன் பண்ணினான். நாள் மறக்காது. அம்மா அழுதுகொண்டிருக்கிறாள் என்று அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

உட்காருங்கள். நாமக்கல்லில் இருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள், சைக்கிள் எங்கேயும் ஓடிவிடாது. கொஞ்சம் மெதுவாகப் பேசுவோம், உள்ளே அவர் படுத்திருக்கிறார். இருங்கள், அந்தக் கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுகிறேன்.

வந்ததும் குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்தீர்கள் பாருங்கள். "ஏறுறதுக்கு லேசான கியர்னு உங்க பையன் விளம்பரத்துல போட்டிருந்தாரேம்மா, இதுதானா?" என்று கேட்டீர்கள். இதுதான். அப்படி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பூட்டுச் சாவியை உங்கள் கையில் கொடுத்திருக்கலாம். விலை எல்லாம் ரூபன் உங்களிடம் பேசிவிட்டான், எனக்கு அதில் வேலை இல்லை. ஆனால் இந்த வீட்டில் அந்தக் கேள்வியை யாரும் வாய் திறந்து கேட்டதில்லை. என்றைக்காவது யாராவது கேட்டுவிடுவார்கள் என்று ஒரு வருஷமாகப் பயந்துகொண்டே இருந்தேன். நீங்கள் கேட்டுவிட்டீர்கள். அதனால்தான் உட்காரச் சொன்னேன்.

ரூபன் அப்பா மின்வாரியத்தில் லைன்மேனாகச் சேர்ந்து போர்மேனாக ஓய்வு பெற்றவர். முப்பத்தாறு வருஷம் கம்பம் ஏறினார். ஏணி கொண்டுவரச் சொல்கிறவனை அவருக்குப் பிடிக்காது. "ஏணி கேக்கறவன் ஆபீஸ்ல உக்காந்து ரசீது போடட்டும்" என்பார். ஓய்வு பெற்ற பிறகு ஒரு மாதம் வீட்டில் இருந்தார், அந்த ஒரு மாதத்தில் என் சமையலறையில் இருந்த ஸ்விட்சை எல்லாம் மூன்று தடவை மாற்றினார். நான்தான் ஆண்டவரே, இந்த மனுஷனுக்கு ஏதாவது ஒரு வழி காட்டும் என்று ஜெபித்தேன்.

அப்போதுதான் இந்த சைக்கிளைக் கண்டுபிடித்தார். ரூபன் பெங்களூரில் வேலை பார்த்தபோது வாங்கியது. கனடா போகும்போது பழைய பெட்ஷீட்டைச் சுற்றிப் பின்னறையில் நிறுத்திவிட்டுப் போனான். விரல் தடிமனில் டயர், ஆட்டுக்கொம்பு மாதிரி கைப்பிடி. இதில் உட்கார்ந்து முதல் நாளே பால் பூத் முன்னால் விழுந்தார். பால்காரர், "சார், பேரப்பிள்ளை சைக்கிளை எடுத்துட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டாராம். வந்து முழங்கையில் மஞ்சள் வைக்கச் சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

நாலு மாதத்தில் ஏற்காடு ஏறிவிட்டார். இருபது கொண்டை ஊசி வளைவு, தம்பி. நீங்களும் ஏறுகிறவர், உங்களுக்குத் தெரியும். சனிக்கிழமை விடியும்போது கிளம்புவார். மேலே போய்ச் சேர்ந்ததும் ஒரே ஒரு வரி போன் வரும்: "ஏரிக்கரையில நிக்கறேன்." அவ்வளவுதான், வைத்துவிடுவார். நான் மாவைக் கலக்கி இட்லி ஊற்ற ஆரம்பிப்பேன். அவர் இறங்கி வந்து சேரவும் இரண்டாவது ஈடு வேகவும் சரியாக இருக்கும்.

ரூபன் ஒரு தடவை போனில் சொல்லிவைத்தான். "அப்பா, அந்த சைக்கிள்ல பெரிய பல்சக்கரத்துக்கே இருபத்தெட்டுப் பல்லுதான். இருபத்தெட்டுல ஏற்காடு ஏறணும்னா வயசுப் பசங்களுக்கே மூச்சு முட்டும்." பையன் சும்மா சொன்னான். அவர் அதைப் பட்டம் மாதிரி பிடித்துக்கொண்டார். பால்காரரிடம் சொன்னார், பக்கத்து வீட்டில் சொன்னார், ஆயரிடம் சொன்னார். ஆயருக்கு சைக்கிளைப் பற்றி என்ன தெரியும்? "இருபத்தெட்டா, ஸ்தோத்திரம்" என்றார் பாவம்.

அதற்குப் பிறகு ஒருநாள் வாசலில் நிற்கும்போதே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். ரத்த அழுத்தம் நூற்றுத் தொண்ணூறுக்கு மேலே. காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை, ஆயுசுக்கும் நிறுத்தக் கூடாது என்றார் டாக்டர். சைக்கிள் ஓட்டலாம், ஆனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு மிதிக்கக் கூடாது என்றார்.

அந்த வாரம் போன் வந்தது. "பன்னெண்டாவது வளைவுல உக்காந்திருக்கேன்." அடுத்த வாரம் ஒன்பதாவது. அதற்கடுத்த வாரம் ஏழாவது. பிறகு போன் இல்லை. ஏனென்றால் போகவில்லை. ஆனால் சனிக்கிழமை விடியற்காலையில் எழுந்துவிடுவார். அந்த இறுக்கமான கால்சட்டையைப் போட்டு, ஷூ மாட்டி, கயிற்றை முடிந்துகொண்டு, கட்டிலில் உட்கார்ந்திருப்பார். எட்டு மணிக்கு எல்லாவற்றையும் கழற்றிவிடுவார். அப்படி ஐந்தாறு சனிக்கிழமை போனது.

அதைத்தான் சாம்பல் புதனன்று ரூபனிடம் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அம்மா, படி உசரமா இருந்தா நாலே எட்டுல ஏறிடலாம், ஆனா முட்டி போயிடும். அதே உசரத்துக்குச் சின்னச் சின்னப் படியா வச்சா எட்டு எட்டு வைக்கணும், ஆனா மூச்சு வாங்காது. பின்னாடி பெரிய பல்லு போட்டா அப்படித்தான். இருபத்தெட்டை எடுத்துட்டு முப்பத்துநாலு போடலாம்" என்றான். எட்டாவது வரைக்கும் படித்தவள் நான், எனக்கே புரிகிற மாதிரி சொன்னான்.

அன்றைக்குச் சாயந்திரமே அவரிடம் சொன்னேன். இல்லை, சொல்ல ஆரம்பித்தேன். "பெரிய பல்லு போட்டு ஏறுறதுக்கு பஸ்ல போயிடலாம். இருபத்தெட்டுல ஏறினவன் இருபத்தெட்டுலதான் ஏறுவான். இல்லைன்னா படுத்துக்குவான். இதை இன்னொரு தடவ பேசாத, சுகிர்தா" என்றார்.

மூன்று நாள் உபவாசம் இருந்து ஜெபித்தேன். மூன்றாம் நாள் முழங்காலில் இருக்கும்போது ரூபன் சொன்ன சின்னப் படிதான் மனதில் வந்தது. கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆண்டவர் காட்டிய வழி சரிதான், நான் போன விதம்தான் என்னவோ ஆகிவிட்டது.

"சைக்கிளைச் சும்மா வச்சிருந்தா துருப்பிடிக்கும், சர்வீஸ் பண்ணி வைக்கட்டுமா?" என்று கேட்டேன். "என்னமோ பண்ணு" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆட்டோவில் ஏற்றி அஸ்தம்பட்டியில் மாதேஸ்வரன் கடைக்குக் கொண்டுபோனேன். ரூபன் சாமான்களை அங்கேயே வரவழைத்திருந்தான். மாதேஸ்வரன் நல்ல மனுஷன். "பல்சக்கரம் மட்டும் மாத்தினா போதாதும்மா. பின்னாடி தொங்குதே இந்தக் கை, இதுவும் நீளமா வேணும், செயினும் நீளம் வேணும். இல்லைன்னா பெரிய பல்லுக்கு ஏத்துறப்ப இழுத்துப் பிய்ச்சிரும்" என்று விளக்கினார். நல்லதுக்குத்தான் மாற்றுகிறோம் என்றாலும் ஒன்றை மாற்றினால் மற்றதையும் கூடவே மாற்றியாக வேண்டும், பாருங்கள். அன்றைக்கு அது எனக்குப் படவில்லை.

"சிகாமணி சாருக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டார். ஞானசிகாமணி என்று பெயர், கடையில் சிகாமணி சார். தெரியும் என்று நான் சொல்லவில்லை, தம்பி. "நீங்க போடுங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

பழைய பல்சக்கரத்தைத் தினத்தாளில் சுற்றிக் கொடுத்தார். என் பீரோவில் புடவைக்கு அடியில் இருக்கிறது. போகும்போது அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அவருக்கு எப்படித் தெரியாமல் போகும் என்று நினைக்கிறீர்கள். நானும் அன்றைக்குப் பயந்துகொண்டுதான் இருந்தேன். ஆனால் சைக்கிளைத் துடைப்பது எப்போதும் என் வேலை. ஒவ்வொரு சனிக்கிழமை மத்தியானமும் பழைய டூத் பிரஷை மண்ணெண்ணெயில் நனைத்துப் பல் பல்லாகத் தேய்ப்பேன். அவர் கைப்பிடியைத் தவிர எதையும் தொடமாட்டார். கிட்டத்தில் பார்க்கக் கண்ணாடி வேண்டும், அதை வேதாகமத்தின் மேல்தான் வைத்திருப்பார். பின்னால் அடுக்கியிருக்கிற பல்தட்டு முன்பும் பதினொன்று, இப்போதும் பதினொன்று. "செயின் புதுசா?" என்று மட்டும் கேட்டார். புதுசு என்றேன். உண்மைதானே.

அந்தச் சனிக்கிழமை என்ன நினைத்தாரோ, "தெருமுனை வரைக்கும் போயிட்டு வரேன்" என்று எடுத்தார். ஏழு மணி ஆயிற்று, எட்டு ஆயிற்று. நான் வாசலில் நின்று சங்கீத வசனம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்பதேகாலுக்குப் போன் வந்தது. "சுகிர்தா, ஏரிக்கரையில நிக்கறேன்."

வைக்கவில்லை. எப்போதும் வைத்துவிடுகிறவர் வைக்கவில்லை. மூச்சுச் சத்தம் கேட்டது. பிறகுதான் அது அழுகை என்று தெரிந்தது. அவருடைய அம்மா இறந்தபோதுகூட அழாதவர். "உன் ஜெபம்டி. காலு தானா சுத்துது. பன்னெண்டைத் தாண்டினப்ப யாரோ முதுகுல கை வச்சுத் தள்ளுற மாதிரி இருந்துச்சு" என்றார்.

இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அழுகிற மனுஷனிடம் எப்படிச் சொல்வது? இறங்கி வரட்டும் என்று நினைத்தேன். இறங்கி வந்தார், பதினோரு இட்லி சாப்பிட்டார். சாப்பிடட்டும் என்று நினைத்தேன். சாப்பிட்டுவிட்டு நேரே ஆயரைப் பார்க்கப் போய்விட்டார்.

மறுநாள் ஆராதனையில் சாட்சி சொன்னார். நாலு பேர் முன்னால் பேச எழுந்ததே இல்லை. "அதே சைக்கிள், அதே மலை, அதே இருபத்தெட்டுப் பல்லு. மாறினது ஒண்ணுதான், என் உடம்பு. கர்த்தர் என்னைத் தொட்டார்" என்றார். சபை முழுக்க ஸ்தோத்திரம் என்றது. நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு தாழ்மை பாரு என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

அதிலிருந்து பெண்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். "சுகிர்தாக்கா, எம்பையனுக்காக ஒரு வார்த்தை கேளுங்க. நீங்க கேட்டா ஆண்டவர் தட்டமாட்டார்" என்று பியூலா என் கையைப் பிடித்துக்கொண்டாள், அவள் பையனுக்குக் கிட்னியில் வியாதி. வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்தை என்னையே நடத்தச் சொன்னார்கள். முன்வரிசையில் நாற்காலி போட்டுவைப்பார்கள். நான் கேட்கவில்லை, தம்பி. ஆனால் கொடுக்கிற பொறுப்பை வேண்டாம் என்று தட்டுவதும் தப்பில்லையா? நான் ஜெபித்த மூன்று பேருக்கு நன்றாகவே ஆயிற்று. அதையும் சொல்ல வேண்டுமில்லையா?

ரூபன் ஞாயிற்றுக்கிழமைதோறும் கேட்பான். "அப்பாகிட்ட சொல்லிட்டியாம்மா?" முதல் இரண்டு வாரம் சொல்கிறேன் என்றேன். மூன்றாவது வாரம் சொல்லிட்டேன் என்றேன். "என்ன சொன்னாரு, திட்டினாரா?" என்று சிரித்தான். "ஒண்ணும் சொல்லல" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லைதானே.

ஈஸ்டருக்கு அப்புறம் ஒருநாள் மாத்திரை டப்பாவை எடுத்து அலமாரிக்கு மேலே வைத்தார். எனக்கு எட்டாத உயரம். "குணமாக்கினதுக்கு அப்புறம் மாத்திரை போட்டா அவரை நம்பலைன்னு அர்த்தம்" என்றார்.

"டாக்டர் ஆயுசுக்கும்னு சொன்னாரே" என்றேன்.

"டாக்டர் மலையை ஏறச் சொன்னாரா? நீதான ஜெபிச்ச. நீயே நம்பலையா?"

அதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? ஒரு வார்த்தை இருந்தது என்னிடம். முப்பத்துநாலு என்று சொன்னால் போதும். மறுநாள் ஸ்டூல் போட்டு எடுத்து, மோரில் பொடித்துக் கலந்து கொடுத்துப் பார்த்தேன். கசக்கிறது என்று முற்றத்தில் துப்பிவிட்டார். அப்புறம் ஜெபத்தில் விட்டுவிட்டேன். வாராவாரம் மலை ஏறிக்கொண்டிருந்தார், முகம் பளபளவென்று இருந்தது. பெனினா, என் மகள், கோயம்புத்தூரில் இருந்து போன் பண்ணுவாள். அப்பா நல்லா இருக்கார் என்பேன். பார்க்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. மலையில் ஒன்றும் ஆகவில்லை. இருபது வளைவும் ஏறி, போன் பண்ணி, இறங்கி வந்துவிட்டார். இதோ இந்த நாற்காலியில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்தார். இடது காலை அவிழ்த்தார். வலது காலை அவிழ்க்கக் கை போகவில்லை. "என்னடி இது" என்று சொல்ல வந்தார் என்று நினைக்கிறேன். வாய் ஒரு பக்கமாகப் போய்விட்டது. உள்ளே இட்லி வெந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன டாக்டர், பெண்பிள்ளை, "மாத்திரையை எப்ப நிறுத்தினாரு?" என்று கேட்டாள். ஆறு மாதம் என்றேன். "ஏம்மா நிறுத்தினாரு?" என்றாள். தெரியலை என்றேன். ரூபன் போனில், "அப்பாவுக்கு எப்பவும் பிடிவாதம்" என்று அழுதான். லேசான கியர் என்று தெரிந்தும் பலம் வந்துவிட்டதாக நினைத்தாரே என்று அவனுக்கு ஆற்றாமை. நான் போனை பெனினாவிடம் கொடுத்துவிட்டேன்.

வலது பக்கம் வரவில்லை. பேச்சும் வரவில்லை. காது கேட்கும், எல்லாம் புரியும். சபையில் இருந்து வந்து, இது சோதனை, தேவன் அளவுக்கு மிஞ்சிச் சோதிக்கமாட்டார் என்று சொல்லிப் போகிறார்கள். ஆமாம் என்பேன். வெள்ளிக்கிழமைக் கூட்டம் இன்றைக்கும் நான்தான் நடத்துகிறேன். நம்பி வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப முடியுமா? அவர்கள் வந்தால் அவர் மட்டும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

போன மாதம் பெனினா ஒரு நோட்டும் தடித்த பென்சிலும் வாங்கிவந்து இடது கையில் கொடுத்தாள். தண்ணீர், போர்வை, ஜன்னல் என்று எழுதப் பழகட்டும் என்று. இரண்டு நாள் கோணல் மாணலாகக் கிறுக்கிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் நான் கஞ்சி கொண்டுபோனபோது நோட்டை என் பக்கம் தள்ளினார். ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை எழுத்து மாதிரி இருந்தது. எழுத்துக் கூட்டித்தான் படித்தேன்.

'குடுத்தத ஏன் எடுத்தாரு.'

அதற்குக் கீழே, 'நா என்ன பாவம் பண்ணன்.'

கஞ்சியை வைத்துவிட்டு சமையலறைக்குப் போய்விட்டேன். அன்றிலிருந்து அந்த நோட்டில் அவர் வேறொன்றும் எழுதவில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் எழுதுவதில்லை. விசுவாசத்தோடு இருந்த மனுஷன், தம்பி. கொடுக்காததை எடுத்துக்கொண்டதாக நினைத்து ஆண்டவர் மேல் வருத்தத்தில் கிடக்கிறார். ஆண்டவரும் எனக்காக அந்தப் பழியைச் சுமந்துகொண்டு பேசாமல் இருக்கிறார்.

சொல்லிவிட வேண்டும் என்று தினமும் எழுந்திருக்கிறேன். முப்பத்துநாலு என்று சொல்ல நேரமாகாது. பக்கத்தில் உட்கார்வேன், கையைப் பிடிப்பேன், அவர் என்னைப் பார்ப்பார். உன் ஜெபம்டி என்று சொன்னாரே, அதே பார்வை. போர்வையைச் சரி பண்ணிவிட்டு எழுந்து வந்துவிடுவேன். ஒருநாள் சைக்கிளைத் துடைக்கிற சாக்கில், அவருக்குக் கேட்கட்டும் என்று சத்தமாக எண்ணத் தொடங்கினேன். அந்தப் பெரிய பல்சக்கரத்தில் ஒரு பல்லில் வெள்ளை நூல் கட்டியிருக்கிறது பார்த்தீர்களா? எங்கே ஆரம்பித்தோம் என்று தெரிய நான் கட்டியதுதான். இருபத்தெட்டு வரைக்கும் வந்தேன். அதற்கு மேல் வரவில்லை. உள்ளே கட்டில் சத்தம் கேட்டது, பிரஷைக் கீழே வைத்துவிட்டேன்.

சைக்கிள் கண்ணில் பட்டால் அவருக்குக் கஷ்டமாக இருக்கும், விற்றுவிடலாம் என்று ரூபன் சொன்னான். அவரிடம் கேட்டேன். இடது கையை லேசாக அசைத்தார். சரி என்றா, என்னவோ செய் என்றா, தெரியவில்லை. நீங்கள் வருகிறீர்கள் என்று காலையில் சொல்லியிருக்கிறேன்.

இருங்கள், கதவைத் திறந்துவிட்டு வருகிறேன். இந்நேரத்துக்கு அவர் தூங்கமாட்டார்.

திறந்துவிட்டேன். விழித்துத்தான் இருக்கிறார், இந்தப் பக்கம்தான் பார்க்கிறார். நீங்கள் அவரிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். வாங்க வந்தவர் ஒரு பொருளை எண்ணிப் பார்த்து வாங்குவதில் தப்பு இல்லை. சைக்கிளை இப்படி வாசல் பக்கமாக, வெளிச்சத்துக்குத் திருப்பிக்கொள்ளுங்கள். நூல் கட்டின பல்லில் இருந்து ஆரம்பித்து, கடைசி வரைக்கும், கொஞ்சம் சத்தமாக எண்ணுங்கள்.